கத்திரிச் செடியை மூழ்கடித்தவர்

வெல்டர் அந்தக் கத்திரிச் செடியை வேண்டுமென்றேதான் கெடுத்தார். தொட்டியின் அடித்துளைகளைக் களிமண் வைத்து அடைத்தார். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று பத்து நாள் ஊற்றினார். காய் பிடிக்கத் தொடங்கியிருந்த செடி அது. இலைகள் மஞ்சளாகித் தொங்கியதும் போனில் படம் பிடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். சாப்பாட்டு மணி அடித்ததும் பட்டறை ஓரத்தில், வெட்டிப்போட்ட கம்பிகளின் மேல் உட்கார்ந்து, இணையத் தோட்ட மன்றத்தில் 'புதுக்கை' என்ற பெயரில் எழுதினார்.

"தோட்டத்துக்கு நான் புதுசுங்க. தண்ணி ஒழுங்காத்தான் ஊத்துறேன். செடி ஏன் இப்படிச் சோர்ந்து போகுது?"

"என்னண்ணே, சோத்தைக்கூடத் திறக்காம கத்திரிக்காய்க்கு வைத்தியமா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர்க்காரன். "என் வீட்டுக்காரி ஒரு குரூப்ல இருக்கா. அறுபதாயிரம் பேராம். இலையைக் காட்டுனா ஒரு நிமிஷத்துல நூறு பேர் வைத்தியம் சொல்றான்."

"நூறும் நூறு மாதிரி இருக்குமே."

"ஆமாண்ணே. ஒருத்தன் சாம்பல் போடுங்கிறான், ஒருத்தன் காப்பித்தூள் போடுங்கிறான், இன்னொருத்தன் செடிகிட்டப் பேசுங்கிறான். இவளும் பேசினா. செடி செத்தே போச்சு. என்கிட்டப் பேசுற மாதிரி பேசியிருப்பா."

வெல்டர் சிரித்தார். "போன மாசம் சொன்ன வைத்தியத்தைத் தேடிப் பாரு, கிடைக்குதான்னு."

"போன மாசமா? காலைல போட்டதே மத்தியானம் காணோம்."

வெல்டரின் மன்றத்தில் எதுவும் காணாமல் போகாது. பதினோரு வருஷத்துக்கு முன் தங்கச்சி அமைத்துக் கொடுத்தது. முதல் நாள் கேள்விகூட அப்படியே இருக்கிறது. ஆட்கள்தான் காணாமல் போனார்கள். ஒரு காலத்தில் கேள்வி ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் இருபது பேர் மல்லுக்கு நிற்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பெரிய குரூப்புகளுக்குப் போனார்கள். சொல்லிக்கொண்டு போனவர் ஒருவரும் இல்லை. கடைசியில் 'ஆணிவேர்' மட்டும் மிஞ்சினார்.

அது அந்த அம்மாள் மன்றத்தில் வைத்துக்கொண்ட பெயர். தையல் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங் பார்த்து ஓய்ந்தவர், பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். வெல்டருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முகம் பார்த்ததில்லை. யாராவது கேள்வி கேட்டால் எழுதுவார். நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. போன மழைக்காலத்தில் நாற்பது நாள் கேள்வியே வரவில்லை, அவரும் வரவில்லை. அந்த நாற்பது நாளும் வேலை விட்டு வந்தபின் தான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது வெல்டருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அன்றைக்குத்தான் முதலாவது பொய்ப் பெயரை உண்டாக்கினார். அப்புறம் இன்னும் இரண்டு.

படம் இல்லாமல் கேள்வி கேட்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. அவரே போட்ட விதி. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு செடி நோயில் விழ வேண்டியிருந்தது. மிளகாயை உரம் கொட்டிப் பொசுக்கினார். தக்காளியைக் காயப்போட்டார். இப்போது கத்திரி.

அன்று மாலை அறைக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மன்றத்தைத் திறந்தார். ஆணிவேர் எழுதியிருந்தார்.

"தம்பி, படத்தை நாலு தடவை பார்த்தேன். தண்ணி அதிகம், வேர் அழுகுது. அது கிடக்கட்டும். பக்கக் கிளையைக் கணுவுக்கு மேல கொஞ்சம் விட்டுச் சாய்வா வெட்டியிருக்க. முட்டுக்கம்புல கயிறை எட்டு மாதிரி சுத்தி, தண்டு இறுகாம கட்டியிருக்க. இது புதுக் கை செய்யற வேலை இல்ல. இந்தக் கை தெரியாம தண்ணி ஊத்தாது. மாடிவீட்டுக்காரின்னு ஒருத்தி மிளகாய்ப் படம் போட்டாளே, அதுலயும் இதே முடிச்சுதான். துணியில ஒரு நூல் பிசகினாலே எனக்குத் தெரியும். யாருப்பா நீ? காய்க்கிற செடியை ஏன் கொல்ற?"

வெல்டர் 'எங்க மாமா கட்டிக் கொடுத்தாருங்க' என்று அடித்தார். அழித்தார். இந்தப் பொய்யை ஆணிவேர் நம்பினாலும் நம்புவார். ஆனால் இனிமேல் எந்தப் படம் வந்தாலும் முடிச்சைத்தான் முதலில் பார்ப்பார். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். அவரும் போய்விட்டால் மன்றம் வெறும் கிடங்கு.

நிர்வாகி என்ற தன் பெயரிலேயே எழுதினார். "அக்கா, புதுசா வந்த மூணு பேரும் நான்தான். கேள்வி இல்லன்னா நீங்க வரமாட்டீங்கன்னு இப்படிப் பண்ணிட்டேன்."

மறுநாள் பதில் வந்தது. "மூணு புது ஆளுங்க தோட்டம் போட வந்திருக்காங்கன்னு நினைச்சேன். எனக்குக் கண்ணு சரியில்ல. பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சுத்தான் பதில் எழுதினேன். நல்லா ஏமாத்தினய்யா."

அத்தோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனில் பேசினாள்.

"அதை இழுத்து மூடுண்ணா. ஈ ஓட்டுறதுக்கு எதுக்கு அது? பெரிய குரூப்ல சேர்த்துவிடறேன்."

"அங்க போய் யார்கூடப் பேச?"

"லட்சம் பேர் இருக்காங்கண்ணா!"

"அதான் கேக்குறேன்."

அவள் உச்சுக்கொட்டிவிட்டு வைத்தாள்.

வெல்டர் மாடிக்குப் போனார். மூன்று பொய்ப் பெயர்களையும் காலையிலேயே நீக்கியாகிவிட்டது. செய்த பாவத்துக்குச் செடியையாவது காப்பாற்றுவோம் என்று கத்திரியைத் தொட்டியோடு கவிழ்த்தார். மண் நாறியது. அழுகிய வேர்களை வெட்டிக் களைந்தார். மண்ணைத் துடைத்தபோது, தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பருக்கள் தட்டுப்பட்டன. சுரண்டிப் பார்த்தார். பூஞ்சணமா, புது வேரா, வேறெதுவுமா, பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் இதற்கு முன் அவர் ஒரு செடியையும் மூழ்கடித்ததில்லை. அதனால் பார்த்ததும் இல்லை.

படம் எடுத்தார். அந்தப் பருக்கள் வெளியே தெரிய, செடியைப் புது மண்ணில் நட்டார். தன் பெயரில் போட்டார். "இது என்னன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

திங்கள் போனது, செவ்வாய் போனது. பட்டறையில் சாப்பாட்டு மணி அடிக்கும்போதெல்லாம் திறந்து பார்த்தார். தன் கேள்வியே அவரைத் திரும்பப் பார்த்தது. வியாழக்கிழமை போனை எடுக்கவே இல்லை. "என்னண்ணே, கத்திரிக்காய் காலமாயிடுச்சா?" என்று கிரைண்டர்க்காரன் கேட்டான். அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை வேலை விட்டு வந்து, கதவைத் தாழிட்டு, வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் திறந்தார். கேள்விக்குக் கீழே ஒரு வரி இருந்தது.

"படம் கலங்கலா இருக்கு. இன்னும் கிட்டத்துல எடுத்துப் போடு."

தம்பி இல்லை, அய்யா இல்லை. ஆணிவேர் என்ற பெயர் மட்டும் இருந்தது.

வெல்டர் படிகளில் ஏறி மாடிக்கு ஓடினார். மூச்சு வாங்கத் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு, தண்டருகே போனைக் கொண்டுபோனார். வெளிச்சம் போயிருந்தது. திரையில் கறுப்புதான் தெரிந்தது, ஃபிளாஷ் போட்டால் எல்லாம் வெளுத்தது. காலையில் வந்து எடுக்க வேண்டும்.