கூவைக்கிழங்குக் கஞ்சி

கிழங்கு தின்கிற பாவத்தைப் பற்றி ஆரணியில் அப்பாண்டைநாதன் அளவுக்குப் பேசியவர் கிடையாது. சமணர் கோயிலான ஜினாலயத்தில் சாயங்காலம் சாஸ்திரம் வாசிக்கிறவர் அவர்தான். ஒரு கிழங்கைப் பிடுங்கினால் அதிலே குடியிருக்கிற எண்ணற்ற உயிர்களையும் சேர்த்துப் பிடுங்குகிறோம் என்று ஆரம்பித்தாரானால், கேட்கிற பெண்கள் உருளைக்கிழங்கு விற்கிற பக்கம்கூடப் போக மாட்டார்கள். புழுவைக் கொதிக்க வைத்து எடுப்பது என்று, பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டே தன் கல்யாணத்துக்கும் பருத்தி வேட்டி கட்டியவர். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கா இப்படி ஒரு வயிறு வாய்க்க வேண்டும்!

குடல் புண். பருப்பு ஆகாது, பால் ஆகாது, கோதுமை ஆகாது, காரத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது. நாலு வாய் சோறு போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவார். வேலூர் டாக்டர் ஆரோரூட் மாவில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து நடந்தார். டப்பாவில் வருகிற வெள்ளை மாவு. பார்லி மாதிரி ஏதோ தானியம் என்று அவரும் நினைத்தார், மனைவி ஜினமதியும் நினைத்தாள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் கடைகளில் அந்த மாவு கிடைக்காமல் போயிற்று. மறுபடி வேலூருக்கு பஸ் ஏறினார். டாக்டர் சிரித்தபடியே, அது கூவைக்கிழங்கு மாவுதான், உங்கள் பக்கத்து மலையடிவாரத்திலேயே விளையுமே, இடித்துக் கரைத்து வடிகட்டினால் ஆயிற்று என்றார். அப்பாண்டைநாதன் விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார். இத்தனை மாதமும் குடித்தது கிழங்கு!

கஞ்சியை நிறுத்திப் பார்த்தார். வலி மறுபடி வந்து குடலை முறுக்கியது. சுக்கும் மஞ்சளும் காய்ந்துவிட்டால் நமக்கு ஆகும்தானே, காய்ந்த மாவு ஏன் ஆகாது என்று தனக்குத் தானே வாதாடினார். பச்சையாகப் பிடுங்க வைப்பது யார் என்று அவர் வாசிக்கிற சாஸ்திரமே திருப்பிக் கேட்டது. கடைசியில் தீர்ப்புச் சொன்னது வயிறுதான். சேவூரில் அவர் நிலத்தில் வேலை செய்கிற முனியம்மாவின் தாய் வீடு அந்த மலையடிவாரத்தில் இருந்தது. அவளைக் கூப்பிட்டு, கிழங்கு கொண்டுவந்து மாவு எடுத்துத் தரவேண்டும், ஜினமதிக்குக்கூடத் தெரியக் கூடாது என்றார். அவளும் சரியென்று தலையாட்டினாள். காய்ந்த மாவைப் பழைய டப்பாவில் கொட்டி அவரே சமையலறையில் வைத்துவிடுவார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னைத் தானே காறித் துப்பாத நாள் இல்லை. ஆனாலும் குடித்தார்.

ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் முனியம்மா கிழங்கு இடித்துக்கொண்டிருந்ததை ஜினமதி பார்த்துவிட்டாள். பக்கத்தில் காலியாக அந்த ஆரோரூட் டப்பா. போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. முனியம்மா உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, சத்தம் கேட்டு வந்து நின்ற அப்பாண்டைநாதனைப் பார்த்தாள். தெருவும் பார்த்தது.

"எனக்கு என்னா தெரியும்? கடை மாவுன்னு குடுத்தா, வாங்கிக்கினேன்," என்றார் அவர்.

எப்படித்தான் அந்த வார்த்தை வாயில் வந்ததோ! முனியம்மா ஜினமதி பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்கம்மா. அய்யாவுக்கு ஒண்ணும் தெரியாது. நோவுல துடிக்கிறாரேன்னு நான்தான் சொல்லாம செஞ்சிட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அறியாமல் உண்டவர் மேல் குற்றமில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் உபவாசம் இருந்தால் போதுமாம். முனியம்மா இனி வீட்டுப் பக்கமும் வரக்கூடாது, நிலத்துப் பக்கமும் வரக்கூடாது என்று ஜினமதி சொன்னாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, பாவி.

உபவாசம் இருந்த அன்று சாயங்காலமும் ஜினாலயத்தில் அவர்தான் வாசித்தார். ஓரறிவு உயிர் முதல் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கிற இடம் வந்ததும் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிட்டார். உபவாசக் களைப்பு என்று பெண்கள் 'ச்சு' கொட்டினார்கள். அந்தப் பரிதாபத்துக்குச் செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை என்றிருந்தது அவருக்கு.

விடிந்ததும் விடியாததுமாகச் சேவூருக்கு நடந்தார். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனார். வாசல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த முனியம்மா எழுந்து நின்றாள். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளோ, வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பதில் சொல்ல வாயெடுத்தவர் வலியில் அப்படியே குந்திவிட்டார்.

உள்ளே போய் மிச்சமிருந்த மாவைக் கொண்டுவந்து கஞ்சி காய்ச்சினாள். அவள் வீட்டுக் கிண்ணத்திலேயே ஊற்றி ஆற்றி நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கினார். மன்னிப்பு என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவர் கண் தானாகத் தெருக்கோடியைத் திரும்பிப் பார்த்தது. முனியம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"யாரும் வரலீங்க," என்றாள். "குடிங்க."