அக்காவின் அரை மீட்டர்

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் அடுத்த மூன்று வாரத்துக்கான கடல் நிலவரம் தயாராகிவிட வேண்டும். அலையின் உயரம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி, காற்று, மழை, எல்லாம் ஒரே தாளில். முதல் வாரம் நாள்வாரியாக இருக்கும். மற்ற இரண்டு வாரத்துக்கும் தலா ஒரு கட்டம். அதை எழுதுகிறவளைக் கடற்கரையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த டீக்கடைக்காரரும் அக்கா என்பார். அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் ஊர் வாயை யார் மூடுவது?

அலுவலகம் என்பது இரண்டாம் மாடியில் ஒரே ஓர் அறை. மூன்று மேசை, நான்கு கணினித் திரை, உதைத்தால் மட்டும் மூடிக்கொள்ளும் ஓர் இரும்பு அலமாரி. கடலுக்குள் ஒரு மைல் தள்ளி மிதக்கும் மஞ்சள் மிதவையிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை அளவு வரும். அதைப் பார்த்து, காற்றைப் பார்த்து, தூரத்துப் புயல்களைப் பார்த்து அக்கா கணக்குப் போடுவாள். கணக்கில் அவள் கெட்டி. போட்ட கணக்கைத் தாளில் எழுதும்போதுதான் கை கொஞ்சம் நீண்டுவிடும். அலை ஒரு மீட்டர் என்று கணக்கு சொன்னால் தாளில் ஒன்றரை என்று எழுதுவாள். ஒன்றரை என்றால் இரண்டு. எட்டு வருடமாக இதே வேலை. மேலதிகாரி ஒருமுறை கேட்டதற்கு, "பாதுகாப்புக்கு சார்" என்றாள். அவருக்குப் பாதுகாப்பு என்ற சொல்லின் மீது அபார மரியாதை. அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

காரணம் ஒரு தபால்காரர். எட்டு வருடத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் அவர் குளிக்க இறங்கினார். அன்றைக்கு அவள் எழுதியிருந்தது ஒரு மீட்டர். கடலோ ஒன்றரைக்கு எழும்பியது. அவரைக் கரைக்குத் தூக்கி வந்தது அவளுடைய சொந்தத் தம்பி, அதே கரையில் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறவன். தூக்கி வந்தபோது உயிர் இல்லை. விசாரணையில் அடியிழுப்பு, அதாவது அலைக்கு அடியில் ஓடும் நீர் இழுத்துக்கொண்டது, என்று எழுதி முடித்தார்கள், அக்காவின் தாளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அவளுக்கு அந்த வேலையின் உத்தரவைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியதே அந்தத் தபால்காரர்தான். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து அரை மீட்டர் சேர்ந்துகொண்டது.

அவளைப் பொறுத்தவரை இது பரம ரகசியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தியோடுதான் இத்தனை வருடமும் மாதச் சம்பளம் வாங்கினாள்.

பூசணிக்காய் வெளியே வந்தது ஒரு புதன்கிழமை மாலை, டீக்கடையில். தம்பியின் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த பயிற்சியாளர் பெண், பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் யாரென்று தெரியாது.

"ஒன்றரை மீட்டர்னு போட்டிருக்கேம்மா, பயமா இருக்கு" என்றாள் அந்த அம்மாள்.

"அதுல அரையைக் கழிச்சிடுங்க மேடம். அது அக்கா அரை."

"எந்த அக்கா?"

"வானிலை ஆபீஸ் அக்கா. எப்பவும் அரை கூட்டித்தான் எழுதுவாங்களாம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்துட்டாங்க, பலகைக்கு மெழுகு எப்படித் தேய்க்கணும், அக்கா அரையை எப்படிக் கழிக்கணும்னு."

டீக்கடைக்காரர் இருமினார், கண்ணைக் காட்டினார், கடைசியில் கரண்டியைக் கீழே போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. அக்கா வாங்கின டீயை அப்படியே வைத்துவிட்டு நேரே தம்பியின் கொட்டகைக்கு நடந்தாள்.

தம்பி பலகை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு விரிசலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். அந்த வாரத் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் இன்னோர் எண். ஒன்றரைக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை. கீழே ஆணியில் பழைய தாள்கள் கட்டாகத் தொங்கின. புரட்டினாள். எல்லாவற்றிலும் பென்சில். எல்லாம் தம்பியின் கோழிக் கிறுக்கல். அடியில் இருந்த தாள் எட்டு வருடம் பழசு, அதிலும் இருந்தது.

"வாக்கா, டீ போடவா?" என்றான் தம்பி. அவன் முகம் வெளுத்திருந்தது.

அவன் போடும் டீயில் எப்போதும் சர்க்கரை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் அவள் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு உள்ளே கொதித்தது. ஊரே சேர்ந்து எட்டு வருடமாக அவளைக் குழந்தையாக்கி விளையாடியிருக்கிறது. அதிலும் கூடப் பிறந்தவன்! சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு வியாதி. சந்தோஷமாக இருக்கும்போது நாலு பொய் சொல்வாள், கோபம் வந்தால் வாயில் பொய் நிற்காது. கண்ணாடியை உடைத்தது யார் என்று அம்மா கேட்டபோது, தம்பி அவளைக் கிள்ளியதற்காக, "நான்தான் உடைச்சேன், அவன் பாத்துட்டு நின்னான், ரெண்டு பேரையும் அடி" என்று சொன்னவள் அவள்.

மறுநாள் வியாழக்கிழமை. கணக்குப் போட்டாள். சனிக்கிழமைக்கு ஒன்றரை மீட்டர் வந்தது, நீண்ட இடைவெளி, கரையைப் பார்த்து அடிக்கும் காற்று. வழக்கப்படி இரண்டு என்று எழுதியிருக்க வேண்டும். "என் எண் வேணாம்னா கடலோட எண்ணையே வெச்சுக்குங்க" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒன்றரை என்று எழுதினாள். மூன்று வாரமும் அப்படியே, ஒரு குண்டுமணி கூடச் சேர்க்காமல். அனுப்பிவிட்டு அலமாரியை உதைத்து மூடினாள். அன்றைக்கு அது முதல் உதையிலேயே மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை நாள் முழுக்க மழை. கடலில் இறங்க ஆளில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்ததும் கைபேசியில், அலுவலகத்தாருக்கு மட்டும் திறக்கும் பக்கத்தில், மிதவையின் அளவைப் பார்த்தாள். ஒன்றரை. சொல்லி வைத்தாற்போல் ஒன்றரை. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் எழுதியதும் கடல் செய்ததும் ஒன்றாக இருந்தன. அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் காட்டினாள்.

"சரியா வந்திருக்கா? நல்லதுதானே" என்றார் அவர். பிறகு பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "உன் தம்பி இதுலயும் அரையைக் கழிப்பானே, அவனுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

அவருக்கும் தெரியுமா என்று சண்டை போட அவளுக்கு நேரமில்லை. தம்பியின் பள்ளியில் ஒரு விதி உண்டு: ஒரு மீட்டருக்கு மேல் அலை இருந்தால் புதியவர்களைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. தாளில் ஒன்றரை. அரை போனால் ஒன்று. ஒன்று என்றால் இறக்கலாம். இன்றைக்குக் காலை ஆறரைக்குப் புது வகுப்பு, ஓர் அலுவலகத்திலிருந்து பதினோரு பேர் வருகிறார்கள் என்று போன வாரமே சொல்லியிருந்தான். பாதிப் பேருக்கு நீச்சலே தெரியாதாம்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பு நேரத்தில் அவன் கைபேசி கொட்டகையில் பையோடு கிடக்கும் என்று அவளுக்கே தெரியும். மறுபடி போட்டாள். பிறகு வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இரவு உடையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அந்தத் தபால்காரர்தான் நின்றார். கடவுளே, பதினோரு பேர், பதினோரு பேர் என்று வாய் முணுமுணுத்தது. தான் அழுதுகொண்டிருப்பது கண்ணாடியில் பார்த்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கடற்கரையில் ஸ்கூட்டரைப் படுக்கப்போட்டுவிட்டு ஓடினாள். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக வந்து பெரும் சத்தத்தோடு உடைந்தன. தண்ணீரில் தலைகளைத் தேடினாள். வடக்குப் பக்கம் இடுப்பளவில் நாலைந்து பேர் நின்றார்கள், அவர்கள் வேறு யாரோ.

பதினோரு பேரும் மணலில் இருந்தார்கள். வரிசையாகப் போட்ட பலகைகளில் குப்புறப் படுத்து, பயிற்சியாளர் பெண் "இப்போ!" என்று கத்தும்போதெல்லாம் எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொந்தி பெருத்த ஒருவர் மணலிலேயே தடுமாறி விழுந்தார். அவர்தான் மேலாளராம். அக்கா அப்போதுதான் ஓட்டத்தை நிறுத்தினாள்.

கொட்டகை வாசலில் தம்பி உட்கார்ந்திருந்தான். புருவத்தில் துணியை அழுத்திப் பிடித்திருந்தான், துணி சிவந்திருந்தது. காலடியில் அவனுடைய சொந்தப் பலகை இரண்டு துண்டாகக் கிடந்தது.

"என்னடா இது?" என்று அலறினாள்.

"அளந்து பாத்தேன்க்கா. ஒன்றரைதான். கரெக்டா எழுதியிருக்க."

"தலையாலயா அளந்த?"

"பின்ன என்ன பண்றது? புதன்கிழமை நீ டீ வேணாம்னுட்டுப் போன. நீ டீ வேணாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. சரி, மகாராணிக்குக் கோபம், கோபத்துல உண்மையை எழுதியிருந்தாலும் எழுதியிருப்பான்னு ஒரு சந்தேகம். எழுதினது பழைய ஒன்றரையா, புது ஒன்றரையான்னு கரையில நின்னு பாத்தா இருட்டுல ஒண்ணும் புரியல. அதான் இவங்க வர்றதுக்கு முன்னாடி நானே இறங்கினேன்."

"போன் பண்ணிக் கேக்குறதுதானேடா, எருமை!"

"எப்படிக் கேக்குறது? அக்கா, இந்த வாரம் பொய் எழுதினியா, உண்மை எழுதினியான்னா?"

அவள் அவன் கையிலிருந்த துணியை வாங்கி, மடித்து, சுத்தமான பக்கத்தைப் புருவத்தில் வைத்து அழுத்தினாள். அவன் முனகினான்.

"எட்டு வருஷமா ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

தம்பி கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவரைத் தூக்கிட்டு வந்தது நான்தான். ஆனா நாலு நாள் சோறு இறங்காம கெடந்தது நீ. அரை மீட்டர் கூட்டி எழுத ஆரம்பிச்சதும்தான் சாப்பிட்ட. கழிக்கிறது எங்களுக்குப் பெரிய வேலையா? உனக்கு அது தேவையா இருந்துச்சு, விட்டுட்டோம்."

அவள் அவன் தலையை அப்படியே வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பதினோரு பேரும் எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனால் வடக்குப் பக்கம் தண்ணீரில் நின்றவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் கழித்துப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள்தான். அக்கா நேரே கரைக்காவலரின் கோபுரத்தில் ஏறி, அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஒலிபெருக்கியை வாங்கினாள். இரவு உடையும் துண்டுமாக இருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

"வானிலை ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். இந்த வாரத் தாள்ல நான் எதையும் கூட்டல. போட்டிருக்கிறது ஒன்றரைன்னா ஒன்றரையேதான். யாரும் கழிக்காதீங்க. தண்ணியில இருக்கிறவங்க தயவுபண்ணி வெளிய வந்துடுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கரையேறினார்கள். கீழே டீக்கடைக்காரர் வாயைக் குவித்துக் கத்தினார். "அப்ப போன எட்டு வருஷம்?"

அக்கா ஒலிபெருக்கியை மறுபடி தூக்கினாள். காது இரண்டும் சூடாக இருந்தன. "போன எட்டு வருஷமும் நீங்க சரியாத்தான் கழிச்சீங்க."

கடற்கரை முழுக்கச் சிரிப்பு. அவளுக்கும் வந்துவிட்டது. தம்பிக்கு நாலு தையல் போட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை தாளில் முதல் வாரத்துக்கு எண்களை எழுதினாள், இரண்டாம் வாரத்துக்கு "ஏறக்குறைய" என்று சேர்த்து எழுதினாள். மூன்றாம் வாரக் கட்டத்தில் என்ன எழுதுவது? வெகுநேரம் யோசித்துவிட்டு, "இன்னும் தெரியவில்லை" என்று எழுதினாள். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். இப்படியெல்லாம் போடலாமா என்றார். "பாதுகாப்புக்கு சார்" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் கொட்டகைக்குப் போனாள். தாள் சுவரில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பென்சில் எண் ஒன்றுகூட இல்லை. தம்பி, புருவத்தில் ஒட்டுத்துணியோடு, புதுப் பலகை ஒன்றுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டீ எங்கடா?" என்றாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தான். "சர்க்கரை எத்தனை கரண்டி?"

"என்ன புதுசாக் கேக்குற? எப்பவும் ரெண்டுதான்."

"எப்பவும் ரெண்டுன்னுதான் சொல்லுவ. நான் ஒன்றரைதான் போடுவேன்."

அக்கா அவனை முறைத்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ரெண்டுடா" என்றாள். அவன் இரண்டு போட்டான்.