நாலாம் மாடிக்கு ஏறிய தண்ணீர்

குழாய்க்காரருக்குக் கோபம் வந்தால், மோட்டார் இல்லாமலே அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடிவரை தண்ணீர் ஏறும். மோட்டார் பழுதான பிறகு யாரும் புதிது வாங்கவில்லை. மேல்மாடிக்காரர்கள் காலையில் முறைவைத்து ஓர் ஆளைக் கீழ்வீட்டில் இருக்கும் அவரிடம் அனுப்புவார்கள். “நீங்க போட்ட குழாய் ஒழுகுதே” என்று வந்தவர் சொன்னால் போதும், மனிதருக்கு மூக்கின்மேல் கோபம் வரும், மேலே வாளிகள் நிரம்பும். விஷயம் தெரிந்தேதான் அவர் கோபப்பட்டார். பரம்பரைச் சொத்து ஆயிற்றே, பெருமை இல்லாமல் போகுமா? அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் இதே மாதிரி ஊருக்குத் தண்ணீர் ஏற்றியவர்கள். ஐம்பதைப் பார்க்காமல் சாய்ந்தவர்கள்.

அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா மிரண்டுபோனார். சிறுநீரகம் எவ்வளவு உப்பைப் பிடித்துவைக்கலாம், ரத்தக்குழாய் எவ்வளவு இறுகலாம் என்பதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, உங்கள் வீட்டில் எல்லாம் ஒரே பக்கம் இழுக்கின்றன என்றார். குழாய் விவகாரம் என்பதால் அவருக்குச் சட்டென்று புரிந்தது. மகளுக்கும் வருமா என்று மட்டும் கேட்டார். பாதிதான் உங்களுடையது, மீதி அம்மாவுடையது என்று பதில் வந்தது. மனைவி தலைபோகிற காரியத்துக்கும் “ஆகட்டும், பாப்போம்” என்கிற குடும்பம். அவள் பக்கத்தில் நின்றால் சீறும் குழாயும் நூலாக இறங்கிவிடும்.

மாத்திரை போட்டார், மேல்மாடி வறண்டது. வரம் போய்விட்டதென்று நாலுபேர் சிரிக்கவே, ரோஷத்தில் மாத்திரையை நிறுத்தினார். ஒரு மத்தியானம் நாலாம் மாடிச் சமையலறை தீப்பற்றியது. அவர் கீழே குழாயைப் பிடித்துக்கொண்டு கண்டபடி திட்டினார். தண்ணீர் மூன்றாம் மாடியைத் தாண்டியபோது மூக்கில் ரத்தம் வழிந்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்கான மகள் ஓடிவந்து அவர் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

“நகருங்கப்பா. நான் பாத்துக்கறேன்.”

அவள் முகம் சிவந்தது. தண்ணீர் மொட்டைமாடிவரை பாய்ந்து தீயை அணைத்தது. அவர் மகளின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வம்சத்தில் ஏறிய அழுத்தம் தானாக இறங்கியதில்லை. மகள் ஒரு மூச்சு விட்டாள். தண்ணீர் சாதுவாக இறங்கியது. கையோடு கூட்டிப்போனார்; டாக்டரம்மா அளந்தபோது அவள் அழுத்தம் தூங்குகிறவளுடையதைப் போல இருந்தது.

அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்: “ஏத்தறது என் ரத்தம்.” பிறகு முதல்முறையாக மனைவியைக் காட்டினார். “இறக்கறது இவளோடது.”

“ஆகட்டும். மாத்திரையப் போடுங்க,” என்றாள் மனைவி.

அவர் போட்டார், ஐம்பதையும் தாண்டினார். மகள் வேலைக்குப் போகுமுன் குழாயில் கைவைத்துவிட்டுப் போகிறாள். மோட்டார் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள்.