கழுவிப் போட்ட கூலர்

"பேரிங், பிஸ்டன், ஃபில்டர், ஹோஸ் எல்லாமே புதுசா வாங்கிட்டுப் போனாங்கக்கா. ஆயில் கூலர் மட்டும் வேணாம்னுட்டாங்க. பழசையே பெட்ரோல்ல கழுவிப் போட்டுட்டாங்களாம்" என்றார் உதிரிபாகக் கடைக்காரர்.

தன் பட்டறைக்குச் சாமான் வாங்க வந்தவள் பையைக் கீழே வைத்தாள். கடைக்காரர் சொன்னது அவளுடைய முன்னாள் கணவரின் பந்தயப் படகைப் பற்றி. போன வாரம் பயிற்சியில் பேரிங் பொடிந்து எஞ்சின் நின்றுவிட்டது. அவர் வைத்திருக்கும் புது மெக்கானிக் அதைப் பிரித்து மறுபடி கோத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

பெட்ரோலில் கழுவினால் பாவமே போய்விடும் என்று நினைக்கிறவர்களை என்னவென்று சொல்ல! படகு எஞ்சினே கதியென்று கிடக்கிறவள் அவள். துறைமுகத்தில் அவளுக்குக் 'கூலரக்கா' என்றே பெயர். கூலருக்குள் மெல்லிய செம்புக் குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கும். குழாய்க்குள் கடல் தண்ணீர் ஓடும். வெளியே கொதிக்கிற ஆயில், தடுப்புத் தட்டுகளுக்கிடையே வளைந்து வளைந்து போய் ஆறும். பேரிங் பொடிந்த அன்று ஃபில்டர் அடைத்துக்கொண்டு, பொடியெல்லாம் அதைத் தாண்டி அந்தத் தட்டுகளின் சந்துகளில் போய் உட்கார்ந்திருக்கும். கழுவும்போது சமர்த்தாக இருக்கும். எஞ்சின் சூடேறி அதிரும்போது கிளம்பி, நேரே புது பேரிங்குக்குப் போகும். முழு வேகத்தில் எஞ்சின் இறுகினால் படகு தலைகுப்புறப் போகும். அதில் உட்கார்ந்திருக்கிறவர் அவர்.

கடை வாசலிலிருந்தே போன் போட்டாள்.

"மறுபடியும் என்ன?"

"அந்தப் பழைய கூலரோட ஓட்டாதீங்க. புதுசு மாத்துங்க."

"போன மாசம் பெல்ட்டுன்னு கூப்பிட்ட. அதுக்கு முன்னாடி பேட்டரி. மழை பெஞ்சா, தார்ப்பாய் மூடினீங்களான்னு கூப்பிடுற. உனக்குப் பேச ஒரு சாக்கு வேணும். அவ்வளவுதானே?"

அவள் போனை வைத்துவிட்டாள். ஏனென்றால் அது உண்மை. பெல்ட்டில் விரிசல் இருந்தது நிஜம்தான். அதை மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பட்டறையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் அவளோடு பேச குக்கர் விசிலை விட்டால் நாதியில்லை. அவர் குரலைக் கேட்க வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை. வெட்கங்கெட்ட ஆசைதான், இருந்துவிட்டுப் போகட்டுமே! புலி வருது, புலி வருது என்று சொல்லிச் சொல்லி, இப்போது நிஜப் புலி வந்து நிற்கும்போது அவள் பேச்சை யார் நம்புவார்கள்?

உள்ளே திரும்பி வந்து கூலரைக் காட்டச் சொன்னாள்.

"எடுக்கறதுதான் எடுக்கறீங்க, பெரிசா எடுங்கக்கா."

"கடல் தண்ணியே ஜில்லுன்னு இருக்கு தம்பி. பெரிசைப் போட்டா ஆயில் சூடே ஏறாது, உள்ள ஈரம் தங்கிடும். ஆளுக்கேத்த சட்டைதான் தைக்கணும். அந்த நடுவுல இருக்கறதைக் குடு."

படகுக் கொட்டகைக்கு அவள் போனபோது அவர் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். புது மெக்கானிக் கெட்டவன் இல்லை. அவள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டான். பழைய கூலரைக் கழற்றி, பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டினான்.

"பாருங்கக்கா. ஒரு பொட்டு இல்ல."

துணி பளிச்சென்றுதான் இருந்தது. அது அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எதை வைத்துச் சொல்வது? அவர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது.

"போதும்மா. வீட்டுக்குப் போ."

"ஒரே ஒரு பேச்சு" என்றாள் அவள். "இதை மாத்த விடுங்க. அப்புறம் நான் உங்களைக் கூப்பிடவே மாட்டேன்."

"எதுக்குமே கூப்பிட மாட்டியா?"

"எதுக்குமே."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரி, மாத்திக்கோ" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.

அவள் மூச்சுவிடாமல் வேலை பார்த்தாள். அகலமான ஹோஸாகத் தேர்ந்து, எங்கும் மடங்காமல், சூடான குழாயில் உரசாமல் வளைத்துக் கொண்டுபோனாள். தண்ணீர்ப் பக்கம் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப் போட்டாள். ஒரு திருகை லேசாகத் தளர்த்தி விட்டால் அடுத்த வாரம் சொட்டும், அவரே கூப்பிடுவார். சத்தியம் அவள் கூப்பிடுவதற்குத்தானே! சனியன் பிடித்த நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு, கை வலிக்க முறுக்கினாள். கூலரில் ஆயிலை நிரப்பி, ஆயில் அழுத்தம் ஏறும் வரை எஞ்சினைப் பற்றவைக்காமல் சுற்றவிட்டு, பிறகுதான் ஸ்டார்ட் செய்தாள். சூட்டு முள் மெல்ல ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

அவர் வெளியே யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார்.

"அந்தப் பழசை நான் எடுத்துக்கட்டுமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"குப்பைதானேக்கா, தாராளமா எடுத்துக்கங்க."

பட்டறைக்கு வந்ததும் அதை மேசையோடு பிணைத்த இடுக்கியில் மாட்டி, ரம்பத்தால் அறுத்தாள். நல்ல கெட்டியான கூடு. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. ஒருவழியாக அது இரண்டாகப் பிளந்தது. குழாய்க்கட்டை உருவி, காகிதத்தின் மேல் வைத்துத் தட்டினாள்.

முதலில் ஒன்றும் விழவில்லை. சுத்தியல் பிடியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். தட்டுகளுக்கு நடுவிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் பொடி, அதற்குள் நகக்கீற்று அளவில் பேரிங் தகட்டுத் துணுக்குகள். ஒரு கைப்பிடிக்குக் குறையாது.

"அடியம்மா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கை தானாகப் போய் போனை எடுத்தது. படம்கூட எடுத்தாகிவிட்டது. அவர் பெயருக்கு மேல் விரல் போய் நின்றது. இத்தனை நாள் கூப்பிட்டதெல்லாம் சாக்கு. இது ஒன்றுதான் விஷயம். இதைச் சொன்னால் அந்த இரக்கப் பார்வை அவர் முகத்திலிருந்து போய்விடும். ஒரு நிமிஷப் பேச்சு, அவ்வளவுதான்.

போனைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தாள். துணுக்கு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல" என்றாள்.

பட்டறையில் வேறு யாரும் இல்லை. அவர் கேட்காததுபோல் நிற்கும்போது சொல்வாளே, அப்படி இன்னும் கொஞ்சம் சத்தமாக ஒருமுறை சொன்னாள்.