கல்மேட்டு வாசலில் நிற்கும் ஐயோ

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் கல்மேடு விலக்கில் இறங்கி உள்ளே நடந்தால், கல்குவாரியின் இரும்புக் கேட்டுக்கு நான்கடி முன்னால், ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில், ஓர் ஐயோ நிற்கிறது. 2021 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு லூர்துமேரி அதைச் சொன்னாள். சொன்னவள் வீட்டுக்குப் போய்விட்டாள், சொல் போகவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இடத்தைத் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும், ஒரு பெண்ணின் குரலில், காதுக்குப் பக்கத்தில், முழுசாக ஒரு ஐயோ கேட்கும். ஆடு மாடுகள் ஒதுங்கிப் போவதால் அவற்றுக்கும் கேட்கிறது என்று ஊரில் முடிவு செய்தார்கள். பிறவியிலேயே காது கேட்காத லாரி கிளீனர் ஒருவர் மட்டும், தனக்கு எதுவும் கேட்கவில்லை, ஆனால் அங்கே வந்தால் கை தானாகக் காதைப் பொத்துகிறது என்று சைகையில் சொன்னார்.

லூர்துமேரியின் கணவன் ராயப்பன் அந்தக் குவாரியில் வேட்டு வைப்பதற்குப் பாறையில் குழி போடுகிறவன். அன்று காலை அவள்தான் தூக்குச் சட்டியில் கேப்பைக் கூழ் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பதினொரு மணி வாக்கில் வடக்குப் பக்கத்துப் பாறை சரிந்தது. சரிந்த சத்தம் ஊருக்கே கேட்டது. குவாரி முதலாளி தேவநாதன் செய்த முதல் காரியம், பள்ளம் தண்ணீரால் மூடட்டும் என்று, அதை இறைக்கும் மோட்டாரை நிறுத்தியது. இரண்டாவது காரியம், அன்று வேலைக்கு வந்த ஆறு பேரையும் ஒரே லாரியில் ஏற்றி ஆந்திரப் பக்கம் வேறு குவாரிக்கு அனுப்பியது. வேட்டுச் சத்தம் என்றே இருந்துவிட்ட லூர்துமேரி, சேதி தெரிந்து நான்கு மணிக்கு ஓடிவந்து கேட்டில் நின்றபோது மூன்றாவது காரியமாக, "உன் புருசன் ரெண்டு நாளா வேலைக்கே வரலம்மா. கேரளாவுக்குப் போய்ட்டதா பேசிக்கிறாங்க" என்றான். அவனுடைய முதுகுக்குப் பின்னால் ஷெட்டுக்குள் ஆணியில் அந்தத் தூக்குச் சட்டி தொங்கியது. மூடியில் கட்டின துணியைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் லூர்துமேரி அந்தச் சொல்லைச் சொன்னாள். ஒரே தடவைதான்.

காவல் நிலையத்தில் ராயப்பனைக் காணாமல் போனவர் என்று எழுதிக்கொண்டார்கள். காணாமல் போனவனுக்குச் சாவு கிடையாது, சாவு இல்லாதவனுக்கு எடுப்பு கிடையாது. அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்கு ஒரு முறை உண்டு. பிணத்தை எடுக்கும்வரை அழுகிறவளை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. எடுத்த பிறகு கணவன் வழி உறவுக்காரி ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றி, "எடுத்தாச்சி, போதும்" என்பாள். அத்துடன் அழுகை அடங்கவேண்டும். ராயப்பனின் தங்கை அன்புச்செல்வி எத்தனையோ நாள் சொம்பும் கையுமாக வாசல்வரை வந்தாள். எதை எடுத்தாச்சு என்று சொல்வது? தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டுத் திரும்பிப் போவாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது ஊர்ச் சனம் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றியது. லூர்துமேரிக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு கல்லறை மேடு இல்லை. வாங்கின மெழுகுவர்த்தியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள்.

முதலில் கஷ்டப்பட்டவர்கள் லாரிக்காரர்கள். வெளியே போகிற ஒவ்வொரு லோடும் அந்தச் சொல்லுக்குள் புகுந்துதான் போகவேண்டும், சொல்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லில் ஏறிக்கொண்டது. விழுப்புரத்தில் ஒரு புதுமனைப் புகுவிழாவில், பால் பொங்குகிற நேரம் பார்த்துத் தரை ஐயோ என்றது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஜல்லி வாங்கின கடைக்குப் போனார். தேவநாதன் கேட்டைப் பிடுங்கித் தெற்குப் பக்கம் நட்டான். மறுநாள் காலையில் சொல் தெற்கு வாசலில், அதே நான்கடி முன்னால், அதே உயரத்தில் நின்றது. சுவர் வைத்து மறைத்தான், சுவரும் சொல்ல ஆரம்பித்தது. பிறகு லூர்துமேரியின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அவள் மகளுக்குக் குவாரி ஆபீஸில் வேலை தருவதாகச் சொன்னான். அவள் வந்த ஆளுக்கு மோர் கொடுத்து, "வேல எதுக்குங்க? தண்ணிய எறைக்கச் சொல்லுங்க, போதும்" என்று அனுப்பினாள்.

சேதி பரவி, விழுப்புரம் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்ற கோகுலகிருஷ்ணன் பஸ் பிடித்து வந்தார். சொல்லுக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று நாள் கேட்டார். ஐ என்றால் தலைவன், ஐயன் என்றால் அப்பன், ஆகவே துயரத்தில் மனிதன் தன் அப்பனைக் கூப்பிட்டதுதான் ஐயோ ஆயிற்று, பழைய பாட்டுகளில் ஐயகோ என்றும் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஊர்க் கோயிலில் வேதபாடம் நடத்தும் உபதேசியார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது அழுகிறவருடைய சொல் மட்டுமில்லை, அநியாயம் செய்கிறவன் முகத்துக்கு நேராகச் சொல்கிற சொல்லும்தான், வேதத்தில் அப்படித்தான் வருகிறது என்றார். இருவரும் நியாயம் கேட்டு லூர்துமேரியிடம் போனார்கள். மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து, "எனக்கு அர்த்தமெல்லாம் தெரியாதுங்க சார். வயித்துலேர்ந்து வந்துச்சி, வுட்டுட்டேன்" என்றாள். கோகுலகிருஷ்ணன் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

தேவநாதன் வீட்டில் வேறு அர்த்தம் வைத்திருந்தார்கள். ஐயோ என்பது எமனின் பெண்டாட்டி பெயர், அதனால்தான் நல்ல நாளில் அதை வாயில் எடுக்கக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டுகிற வீடுகள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. அவனுடைய மாமியார் யோசித்துச் சொன்னாள்: கோபித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிற பெண்டாட்டியைப் புருசன்தானே வந்து அழைத்துப் போகவேண்டும்? தேவநாதனுக்கு அது சரியாகவே பட்டது. செஞ்சிப் பக்கத்தில் முப்பது வருடமாக எமன் வேஷம் கட்டிய தெருக்கூத்துக்காரர் அப்பாதுரையைப் பேசி முடித்தான். பகலில் கூத்து வழக்கமில்லை என்று அவர் மறுத்துப் பார்த்தார். எமனுக்கு ஏதுங்க பகல் ராத்திரி என்று தேவநாதன் சொன்னபோது, அதுவும் வாஸ்தவம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

2022 மார்ச் பதினேழாம் தேதி, வெயில் ஏறுகிற நேரத்தில் ஊரே குவாரி வாசலில் கூடியது. தட்டில் பட்டுப்புடவை, வளையல், பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி எருமைமேல் வந்த அப்பாதுரையைத் திரைக்குப் பின்னால் இறக்கினார்கள். லூர்துமேரி கூட்டத்தின் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூத்தில் எப்பேர்ப்பட்ட ராஜா வேஷமானாலும் திரை விலகியதும் ஆட்டத்தைத் தொடங்கிவிட முடியாது. கட்டியங்காரன் முன்னால் வந்து, தாங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், இந்த ஊரில் தங்களுக்கு என்ன காரியம் என்று கேட்பான். வேஷக்காரன் சபைக்குப் பதில் சொல்லவேண்டும். தேவநாதன் புடவைக்கும் வளையலுக்கும் யோசித்தவன், இதை மட்டும் யோசிக்கவில்லை.

கட்டியங்காரன் பழக்கத்தில் கேட்டான். அப்பாதுரை கதாயுதத்தை ஊன்றி நின்று, தன்னுடையது அல்லாத ஒரு குரலில் பதில் சொன்னார். "எமதர்மராசன் யான். இந்த ஊருக்கு நான் புதியவன் அல்ல. இருநூற்றுப் பதினேழு நாளைக்கு முன்னே வியாழக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு, வடக்குப் பாறையின் அடியிலே, அந்தோணி மகன் ராயப்பன் உயிரைக் கொண்டுபோனேன். கல்லுக்கு அடியிலே அவன் கால் மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்லைப் புரட்டச் சொல்லாமல் மோட்டாரை நிறுத்தச் சொன்னவன் இதோ நிற்கிறான்." கதாயுதத்தின் நுனி தேவநாதனின் சட்டைப் பொத்தானைத் தொட்டது. பிறகு எமன் அந்தச் சொல்லின் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவள் என் பெண்சாதி அல்ல. நான் விட்டுப்போன வீடுகளிலே இருக்கிறவள். அழைக்க எனக்குப் பாத்தியதை இல்லை" என்றார். கால் மணி நேரம் என்ற வார்த்தை லூர்துமேரியை அடித்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள், பிறகு எழுந்தாள். அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே அப்பாதுரை, "வேசம் கட்டிக்கினா பொய் சொல்ல வாய் வராதுங்க, முப்பது வருசமா எனக்கு அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த வாழைப்பழத்தை எருமைக்குக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே ஊர் ஆண்களும் பெண்களும் ஏழு டீசல் எஞ்சின்களை இழுத்துவந்து பள்ளத்தில் இறக்கினார்கள். தடுக்க வந்த தேவநாதனின் ஆட்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மரத்தடியில் ஒதுங்கினார்கள். பதினோரு நாள் இறைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் வடக்குப் பாறைக்குக் கீழே ராயப்பன் கிடைத்தான், இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு. காணாமல் போனவர் என்ற எழுத்தை அடித்து இறந்தவர் என்று எழுதவைத்தார்கள். தேவநாதன் மீது வழக்குப் பதிவாகி, அது இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. எழுந்து நடக்கமுடியாத கிழவர்களைக்கூடக் கட்டிலோடு தூக்கிவந்து ராயப்பனை அடக்கம் செய்தார்கள். அன்புச்செல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "எடுத்தாச்சி அண்ணி, போதும்" என்று அழுதபடி ஊற்றினாள். லூர்துமேரி குடித்தாள், முகம் கழுவினாள், அன்றோடு அழுவதை நிறுத்தினாள். சொல் அடங்கவில்லை.

அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அதற்குள் மற்றப் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மரக்காணத்திலிருந்து ஒருத்தி வந்தாள், கழிவுத் தொட்டியில் இறங்கின மகன் தானாகத் தவறி விழுந்தான் என்று சொல்லி அனுப்பப்பட்டவள். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒருத்தி, கரும்பு வெட்டப் போன தம்பி ஊர் திரும்பாதவள். லூர்துமேரி அவர்களை வாசலுக்கு அழைத்துப்போய், இடம் காட்டி, "இங்க சொல்லுங்க, நிக்கும்" என்றாள். சொன்னார்கள், நின்றது. இரண்டு வருடத்தில் அங்கே பத்தொன்பது ஐயோ நின்றன, ஒவ்வொன்றும் தன் குரலில், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்.

போன வருடம் விழுப்புரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். உடல் கிடைத்தது, சான்றிதழ் கிடைத்தது, வழக்கும் நடக்கிறது, இன்னும் எதற்கு அந்தச் சொல், நீங்கள் எடுத்துக்கொண்டால் மற்றவர்களும் எடுத்துக்கொள்வார்கள் என்று பக்குவமாகக் கேட்டார். லூர்துமேரி அவருக்கு விசிறியை எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாம் கெடச்சிதுங்க. அவரு இன்னும் செத்துதானே கெடக்கறாரு" என்றாள். "அது அங்கதான் நிக்கும். தாண்டிப் போறவங்க கேட்டுக்கினு போவட்டும்."

அதிகாரி விசிறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். திரும்புகிற வழியில் ஜீப்பை நிறுத்தி, அந்தப் பத்தொன்பதுக்குள்ளும் நடந்து போனார், நடந்து வந்தார். அகற்ற இயலாது என்று கோப்பில் எழுதினார். ஐப்பசி மழைக்கு முன்னால், நிற்கிற சொற்கள் நனையாதபடி பஞ்சாயத்தில் ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்கள், இன்னும் சிலவற்றுக்கு இடம் விட்டு.