படகில் எத்தனை பேர்?

கடலில் தவிப்பவர்களை ஓடிப்போய்க் காப்பாற்றும் தன்னார்வக் குழுவில் அவளுக்கு வயர்லெஸ் அறை வேலை. சம்பளம் கிடையாது, ஆறிப்போன டீயும் ஆடும் நாற்காலியும்தான். யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்க வேண்டியது இரண்டு: எங்கே இருக்கிறீர்கள், படகில் எத்தனை பேர். வீட்டில் கணவன் கடைக்குக் கிளம்பினால்கூட, "எத்தனை பேர்?" என்று கேட்டு அவன் பிராணனை வாங்குவாள்.

அன்று மதியம் அவளுடைய முறையே இல்லை. முறைக்காரருக்குப் பல்வலி என்று மாற்றாக வந்து உட்கார்ந்தாள். கணவன் வெளியூரில் மீட்டிங் என்று காலையிலேயே கிளம்பியிருந்தான்.

"படகு பாதி முழுகிடுச்சு, யாராவது வாங்க" என்று கருவி கரகரத்தது. இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய குரல் தெரியாமல் போகுமா? ஆனாலும் வாய் பழகியதையே கேட்டது.

"எங்க இருக்கீங்க? படகுல எத்தனை பேர்?"

இடத்தைச் சொன்னான். "நான்... நான் மட்டும்தான்."

மீட்டிங் கடலுக்குள்தான் நடக்கிறதாக்கும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிறானே, சண்டையைக் கரையில் வைத்துக்கொள்ளலாம் என்று மீட்புப் படகை அனுப்பினாள்.

அவனை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், மீட்புப் படகோட்டும் மீசைக்காரர் வயர்லெஸ்ஸில் தயங்கித் தயங்கிப் பேசினார். "தங்கச்சி, உன் வீட்டுக்காரர் பத்திரமா இருக்கார். ஆனா முழுகின படகுல ஒரு பொம்பளைங்க கைப்பை மாட்டிக்கிட்டு இருந்துச்சு. கேட்டா பழசுங்கறார். திரும்பித் திரும்பிக் கடலையே பார்க்கறார்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் இருந்துவிடலாம் என்ற நினைப்பும் ஒரு கணம் எட்டிப்பார்க்கத்தான் செய்தது.

"ரெண்டு பேர், அண்ணே. படகைத் திருப்புங்க."

இருட்டுவதற்குள் அந்தப் பெண் கிடைத்தாள். ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தவளுக்கு, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

கரையில் கணவன் போர்வைக்குள் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். "உன் குரலைக் கேட்டதும் உண்மை வாயில வரல" என்றான். வேறு யாராவது கேட்டிருந்தால் இரண்டு என்றுதான் சொல்லியிருப்பானாம்.

இன்னொருத்தியோடு போனதைக்கூட அவள் அழுது தீர்த்து என்றைக்காவது ஜீரணித்திருப்பாள்.

"அவ கத்தினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

இந்த மனுஷன் பக்கத்தில் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருடமும் அவள் கண்ணை மூடித் தூங்கியிருக்கிறாள்.