இடது பின் சக்கரம்

எனக்கு வாய் நீளம் என்பது சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்குத் தெரியும். குருவிகுளம் ரோட்டில் டயர் கடை வைத்துக்கொண்டு வாயில்லாப் பூச்சியாக இருந்தால் பிழைக்க முடியுமா? என் வீட்டுக்காரர் எபினேசர் லாரியில் போய்விட்டால் கடை முழுக்க என் பாடுதான். ஒரு பொம்பளை வேன் சக்கரத்தைக் கழற்றுகிறாளே என்று நின்று பார்ப்பவனிடம், "என்ன வே, இங்கன படமா ஓடுது?" என்று கேட்டுத்தான் பழக்கம். அப்பேர்ப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை, பேச வேண்டிய ஒரே ஒரு நிமிஷத்தில் பேசாமல் நின்றேன்.

போன வருஷம் பேட்டரியில் ஓடுகிற கன் ஒன்று வாங்கினோம். ஒயர் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது. சக்கர நட்டில் வைத்து அமுக்கினால் கடகடவென்று தட்டிக் கழற்றும், அதேபோல் மாட்டும். வாங்கிய அன்றைக்கே எபினேசர் படித்துப் படித்துச் சொன்னார். கன் நட்டை ஏற்றத்தான். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகு, நீள ஸ்பேனரைப் போட்டுக் கையால் முறுக்கினால்தான் வேலை முடிந்தது. பேட்டரி இறங்கிப்போனால் கன் சத்தம் மட்டும் போடும், நட்டு இறுகியிருக்காது.

நெல்லைநாயகம் அண்ணாச்சி பள்ளிக்கூட வேனைக் கொண்டுவந்தபோது காலை மணி ஆறே முக்கால். பின்னால் இரண்டு பக்கமும் புது டயர் போட வேண்டும். ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும் என்று வந்ததிலிருந்து ஒரே பாட்டு. எலுமிச்சம்பழமும் சூடமும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ராகுகாலம் பார்க்கிறவர்களை நான் கேலி பண்ணாத நாளில்லை.

வலது பக்கத்தை மாட்டி, இறக்கி, கையால் முறுக்கி முடித்தேன். இடது பக்கம் கன்னை வைத்து ஐந்து நட்டையும் ஏற்றினேன். கடைசி இரண்டில் சத்தம் கொஞ்சம் சோர்ந்துதான் கேட்டது. ஜாக்கியை இறக்கிவிட்டு ஸ்பேனரை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவர் சூடம் காட்டி, பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, சீட்டில் ஏறிவிட்டார்.

"எம்மா, ஏழு இருபத்தெட்டு ஆயிட்டு. தள்ளு தள்ளு."

'நில்லுங்க அண்ணாச்சி' என்பது நாக்கு நுனிவரை வந்தது. சாமி காரியத்தில் குறுக்கே விழுந்தால், வேதக்காரி வேண்டுமென்றே பண்ணுகிறாள் என்று நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். அதுதான் கன் தட்டிவிட்டதே, போதும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பழம் நசுங்கியது. வேன் போய்விட்டது.

டீ குடித்துவிட்டு வந்து கன்னைச் சார்ஜில் போட எடுத்தேன். அதில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று, கழற்றிப் போட்டிருந்த, சக்கரம் மாட்டுகிற ஒரு பழைய ஹப்பில் நட்டை வைத்து ஏற்றினேன். கடகடவென்று நன்றாகத்தான் தட்டியது. அது நின்றதும் சின்ன ஸ்பேனரை மாட்டி ஒற்றை விரலால் அசைத்தேன். நட்டு சுழன்று வந்தது.

ஆண்டவரே, பதினோரு பிள்ளைகள்.

போன் அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. அண்ணாச்சி வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். அந்த நல்ல பழக்கத்துக்காகவே அவரைப் பள்ளிக்கூடத்தில் விடாமல் வைத்திருக்கிறார்கள். நாலாவது தடவை அடிக்கும்போது முகம்மது ஹுசைன் பாய் பைக்குக்குக் காற்றடிக்க வந்து நின்றார். அவருடைய மகன் ஆதம் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான், அதே வேன்.

"பாய், ஆதம் வேன்ல ஏறிட்டானா?"

"இப்பத்தான் ஏத்திவிட்டுட்டு வாரேன். ஏன் தங்கச்சி?"

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி பைக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளிறிப்போனது. காற்றுக் குறைந்த பைக்கைத் திருப்பி, "ஏறு" என்றார்.

ஸ்பேனரையும் ஜாக்கியையும் மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பைக் குலுங்கிய குலுக்கலில் இரும்பு இரண்டும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்றது. ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்துக்கொண்டே போனோம். எங்கேயும் ஒரு பிள்ளை நிற்கவில்லை. எல்லோரும் ஏறியிருந்தார்கள். வளைவு வந்தபோதெல்லாம் அதற்கப்பால் வேன் கவிழ்ந்து கிடக்குமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓடைப் பாலத்துக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் பாய் சட்டென்று பிரேக் பிடித்தார். ரோட்டோரம் ஒரு நட்டு கிடந்தது. இறங்கி எடுத்தேன். அதில் நான் தடவிய கிரீஸ் இருந்தது.

"உன்னோடதா?"

"ஆமா பாய்."

அதற்குப் பிறகு அவர் பைக்கை ஓட்டிய வேகத்துக்கு நாங்கள் இருவரும் விழாமல் போனதே பெரிது.

அடுத்த ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் வேன் நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பிள்ளை ஏறி, கதவும் சாத்தியாயிற்று. பாய் பைக்கை வேனுக்கு முன்னால் குறுக்கே போட்டார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினேன்.

"என்னம்மா விஷயம்?" என்று அண்ணாச்சி இறங்கி வந்தார். "பின்னால என்னமோ கடகடங்குது, கல்லு மாட்டியிருக்கும்னு நெனச்சேன்."

இடது பின் சக்கரத்தைப் பார்த்தார். ஐந்தில் ஒன்று இல்லை. இன்னொன்று போல்ட் மரையின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றையும் விரலாலேயே சுற்றலாம். அவர் அப்படியே ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் கையால முறுக்கல அண்ணாச்சி. முறுக்காமலே உங்களப் போகவிட்டுட்டேன்."

"நான்தான அவசரப்படுத்தினேன்."

"நீங்க அவசரப்படத்தான் செய்வீங்க. நிறுத்தியிருக்க வேண்டியது நான்லா."

பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஜாக்கி போட்டு, ரோட்டில் எடுத்ததையும் சேர்த்து நட்டு ஐந்தையும் விரலால் ஏற்றி, சக்கரத்தைத் தரையில் இறக்கினேன். ஒன்றை முறுக்கிவிட்டு எதிர்ப்பக்கத்து நட்டுக்குப் போய், அப்படியே மாற்றி மாற்றி ஐந்தையும் நீள ஸ்பேனரால் முறுக்கினேன். இரண்டாம் சுற்றும் முறுக்கினேன். பாய் ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு நட்டிலும் தன் பாரத்தையெல்லாம் போட்டுத் தொங்கிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

"சரி, ஏறுங்க மக்கா" என்றார் அண்ணாச்சி.

பிள்ளைகள் ஏறினார்கள். பாய் ஆதமைத் தூக்கி வைத்திருந்தார். இறக்கவில்லை. கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பொன்செல்வி" என்றார். தங்கச்சி என்ற சொல் போய்விட்டது. "நீயும் ஏறு. அந்தச் சக்கரத்துக்கு மேல உள்ள சீட்டுல உக்காரு. இவன மடியில வச்சுக்கோ. பள்ளிக்கூடம் வரைக்கும் நான் பின்னால வாரேன்."

ஏறி உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகள் என் கிரீஸ் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். வேன் கிளம்பியது. நானே முறுக்கியதுதான், பாய் தொங்கிப் பார்த்ததுதான், எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் உயிர் வந்தது. காலுக்கு அடியில் சக்கரம் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

ஆதம் என் மடியில் நெளிந்துகொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஆன்ட்டி, இது என் சீட்டு. டெய்லி நான் இங்கனதான் உக்காருவேன்."

அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். "வலிக்கி ஆன்ட்டி" என்றான். அது காதில் விழுந்தும் என்னால் கையை எடுக்க முடியவில்லை.